பேரீச்சம்பழத்துக்குப் போன 486, இன்று எட்டாயிரமா?

கேள்வி: வயது 46. ஈரோட்டில் பள்ளி ஆசிரியர். 1996-ல் பாலிடெக்னிக்கில் 486 சிப் உள்ள மெஷினில் டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழி படித்தவன். விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஓடவைத்துப் பார்ப்பது சில வருஷமாக என் பொழுதுபோக்கு. ஆரம்பத்தில் காயலான் கடையில் 486 போர்டு 300, 400 ரூபாய்க்குக் கிடைத்தது. இப்போது அதே மாதிரி போர்டை ‘சோதிக்கவில்லை, திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று எழுதிவிட்டு 8,500 கேட்கிறார்கள். ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு 6,000. என்னால் மொத்தமாக ஒதுக்க முடிந்தது 10,000 ரூபாய். என்னைப் போன்றவர்கள் இதை விட்டுவிட வேண்டியதுதானா? இன்னொன்று: அப்பா நடத்திய அச்சகத்தில் இருந்த 386 (486-க்கு முந்தைய தலைமுறை) ஒன்று இருபது வருஷத்துக்கு மேலாகப் பரணில் கிடக்கிறது. அதை இறக்கி ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஆன் செய்யாதீர்கள். பரணிலிருந்து இறக்குங்கள், மூடியைக் கழற்றுங்கள், மதர்போர்டின் ஓரத்தில், பெரும்பாலும் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் பருமனில் உருளையாக ஒரு பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக நீல நிறம், மேலே 3.6 வோல்ட் என்று எழுதியிருக்கும். இருந்தால் சைடு கட்டரால் அதன் இரண்டு கால்களையும் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். போர்டைச் சுத்தம் செய்வது அடுத்த மாதம் நடந்தாலும் பரவாயில்லை, பேட்டரி இன்னொரு நாள் அங்கே இருக்கக் கூடாது. அதிலிருந்து கசியும் காரம் இருபது வருஷமாகச் செம்புத் தடங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. மீதி விவரம் பின்னால் சொல்கிறேன்.

இப்போது விலைக்கு வருவோம். 486-க்கு எட்டாயிரம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1990-களில் பள்ளியிலும் கல்லூரியிலும் இந்த மெஷின்களைத் தொட்டவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. கையில் காசு இருக்கிறது, பழைய நாளின் மேல் ஆசையும் இருக்கிறது. 2020-ல் ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது உலகம் முழுக்கப் பலர் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பினார்கள். வாங்குபவர் கூடினார்கள், சரக்கு கூடவில்லை. கூடாதது மட்டுமில்லை, குறைந்துகொண்டே போகிறது. கசியும் பேட்டரி ஒரு பக்கம் தின்கிறது. தங்கம் எடுப்பவர்கள் மறுபக்கம். பீங்கான் உடம்புள்ள 386, 486, பென்டியம் சிப்புகளின் கால்களில் தங்கப் பூச்சு உண்டு. தில்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் இந்த போர்டுகளை உடைத்து உலோகம் பிரிப்பதே ஒரு தொழில். நாம் ஒரு காலத்தில் இரும்போடு சேர்த்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டது, அவர்களுக்குக் கிலோ கணக்கில் விலை போகும் சரக்கு.

இதிலேயே உங்களுக்கு ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் ஊர்க் காயலான் கடைக்காரருக்கு ‘விண்டேஜ்’ விலை தெரியாது. ஆனால் தங்கம் எடுப்பவர் போர்டுக்குக் கிலோவுக்கு என்ன தருகிறார், சிப்புக்குத் தனியாக என்ன தருகிறார் என்பது அவருக்கு அத்துபடி. அந்தக் கணக்கிலேயே பேசுங்கள். “486 போர்டு இருக்கா?” என்று கேட்ட நிமிஷமே அவர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார். “போர்டு கிலோ என்ன போகுது? அதுக்கு ரெண்டு மடங்கு தர்றேன், உடைக்காம காபினெட்டோட எடுத்து வைங்க” என்று சொல்லிப் பாருங்கள். தங்கக்காரர் தருவதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது, சுத்தியலை எடுக்கும் முன் உங்களுக்கு ஒரு போன் போடுவதில் அவருக்கு நஷ்டமில்லை.

ஆன்லைனில் எட்டாயிரம் போடுபவர் எங்கிருந்து அந்த எண்ணை எடுத்தார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இபே என்ற வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் ஒருவர் கேட்கும் டாலர் விலையைப் பார்த்து, அதை ரூபாயாக்கி அப்படியே எழுதியிருப்பார். கேட்பது வேறு, விற்பது வேறு. இபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டிப் பார்த்தால்தான் உண்மையில் கைமாறிய தொகை தெரியும். அதுவும் அங்கே சோதித்து, திரையில் ஓடும் படம் போட்டு, ஓடாவிட்டால் பணம் வாபஸ் என்று சொல்லி விற்ற போர்டின் விலை. ஓடுமா என்று தெரியாத போர்டுக்கு அந்த விலையைக் கேட்பவரிடம் பேரம் பேசுவதைவிட நகர்ந்துவிடுவது மேல். வெளிநாட்டிலிருந்தே வரவழைக்கலாமே என்று தோன்றினால், நம் நாட்டில் பழைய முழுக் கம்ப்யூட்டர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் உள்ளது, உரிமம் வேண்டும். சுங்கத்தில் மாட்டினால் போன பணம் போனதுதான்.

ஆகவே என் யோசனை: பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள், வேலைக்குக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டியது டர்போ பாஸ்கலும் டாஸ் விளையாட்டுகளும் அந்தக் காலத்து வேகத்தில், அந்தக் காலத்துச் சத்தத்தோடு ஓடும் ஒரு மெஷின் என்றால், 486 தேவையே இல்லை. 486-க்கு அடுத்த தலைமுறையான பென்டியம் எம்எம்எக்ஸ் 166, 200 அல்லது 233 மெகாஹெர்ட்ஸ் சிப் உள்ள போர்டு, அதாவது சாக்கெட் 7 போர்டு தேடுங்கள். ‘486’ என்ற எண்ணுக்கு இருக்கும் மவுசு அதற்கு இல்லை. அடையாளம் எளிது: கார்டு செருகும் நீளமான கறுப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட்டும், குட்டையான வெள்ளை பிசிஐ ஸ்லாட்டும் ஒரே போர்டில் இருக்கும், பிராசசர் சாக்கெட்டின் ஓரத்தில் தூக்கிவிடும் கம்பி நெம்புகோல் இருக்கும். இந்த போர்டுகளில் பெரும்பாலும் கசியும் உருளை பேட்டரிக்குப் பதில் நாம் இன்றும் கடையில் வாங்கும் சிஆர்2032 காசு பேட்டரிதான்.

வேகத்தைக் குறைப்பது எப்படி என்று கேட்பீர்கள். செட்மல் என்று ஒரு சிறிய இலவச டாஸ் நிரல் இருக்கிறது. பென்டியம் எம்எம்எக்ஸ் சிப்பின் உள்ளே இருக்கும் சோதனை ரெஜிஸ்டர்களைத் தொட்டு எல்1 கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அணைக்கும், அடுத்து எந்தக் கட்டளை என்று ஊகிக்கும் கிளை கணிப்பை அணைக்கும், கூடவே இன்னொரு கட்டளையை ஓட்டும் இரண்டாவது பைப்பை அணைக்கும். எல்1 கேஷை மட்டும் அணைத்தாலே மெஷின் 386 வேகத்துக்கு இறங்கிவிடும். மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் நடுவில் 486-இன் பல வேகங்கள் கிடைக்கும். ரீபூட் கூட வேண்டாம். உங்கள் டர்போ பாஸ்கலுக்கு இது வேண்டியிருக்கலாம்: அதில் திரையைக் கையாளும் சிஆர்டி யூனிட்டைச் சேர்த்துக் கம்பைல் செய்த நிரல்கள் வேகமான பிராசசரில் ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று சொல்லி நின்றுவிடும். தொடக்கத்தில் ஒரு தாமதக் கணக்குப் போடும்போது வகுத்தலில் எண் வழிந்துவிடுவதுதான் காரணம். வேகத்தைக் குறைத்துவிட்டு ஓடவிட்டால் அந்தத் தகராறு இல்லை.

ரேம் 32 அல்லது 64 எம்பி போதும். அதிகம் கிடைக்கிறது என்று 128 போடாதீர்கள். இன்டெல் 430டிஎக்ஸ், 430விஎக்ஸ் சிப்செட்டுகள் முதல் 64 எம்பியைத்தான் கேஷ் செய்யும், அதற்கு மேல் போட்டால் விண்டோஸ் 95 மெதுவாகிவிடும். 72-பின் சிம் (SIMM) வகை ரேம் என்றால் பென்டியத்தில் இரண்டிரண்டாகப் போட வேண்டும். பிராசசரை மாற்றும்போது வோல்டேஜைத் தீர்மானிக்கும் ஜம்பர் என்ற சின்னச் செருகியைப் பார்க்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள். எம்எம்எக்ஸ் சிப்பின் உள்மின்னழுத்தம் 2.8 வோல்ட், பழைய பென்டியத்துக்கு வைத்திருந்த 3.3-இலேயே விட்டால் சூடேறிச் செத்துப்போகும். 486-இலும் இதே கதை: டிஎக்ஸ்4 சிப்பை 5 வோல்ட் அமைப்பில் சொருகிக் கொன்றவர்கள் நிறைய.

சவுண்ட் பிளாஸ்டருக்கு ஆறாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. பெட்டியில் இருந்த பெயரைப் பார்க்காதீர்கள், கார்டின் நடுவில் உள்ள பெரிய சிப்பைப் பாருங்கள். ஈஎஸ்எஸ் என்று போட்டு 1868 அல்லது 1869 என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவுக்கு ஒத்துப்போகும், எஃப்எம் இசையும் (ரேடியோ இல்லை, சிப்பே உருவாக்கும் இசை) நன்றாக இருக்கும். யமஹா 718, 719 சிப் உள்ளவையும் அருமை. அவற்றில் யமஹாவின் அசல் ஓபிஎல்3 எஃப்எம் இசைப் பகுதி உள்ளேயே இருக்கிறது. 1990-களின் பிற்பாதியில் நம் ஊரில் ‘மல்டிமீடியா கிட்’ என்று சிடி டிரைவோடு சேர்த்துப் பெயரில்லாத பெட்டியில் விற்ற கார்டுகளில் பல இந்த வகைதான். இவை பிளக் அண்ட் ப்ளே, அதாவது மென்பொருள் அமைத்துக் கொடுக்க வேண்டிய கார்டுகள் என்பதால் டாஸில் தானாக எழுந்திருக்காது. யுனிசவுண்ட் என்ற இலவச நிரலை டாஸ் தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஒரு வரியாகப் போட்டால் கார்டை எழுப்பிவிடும். கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் போன்ற அரிய கார்டுகளின் பின்னால் போகவே வேண்டாம். ராஸ்பெர்ரி பை பிக்கோவை வைத்துச் செய்த பிக்கோகஸ் என்ற புது ஐஎஸ்ஏ கார்டு அதையும், ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர் 2.0 ஆகியவற்றையும் போலச் செய்கிறது.

ஹார்டு டிஸ்க்கில் பழையதைத் தேடுவது வீண். பழைய கேமராக்களின் காம்பாக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டை ஐடிஇ-யாக, அதாவது அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க் இணைப்பாக மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று, 2 ஜிபி கார்டு ஒன்று, முடிந்தது. டாஸ் 6.22-இல் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது, ஆகவே அதைவிடப் பெரிய கார்டு தேவையில்லை. அடாப்டரில் மாஸ்டர் ஜம்பரை வைக்க மறக்காதீர்கள். ரிப்பன் கேபிளின் சிவப்பு ஓரம் 1-ஆம் பின் பக்கம். 386, 486 மெஷின்களில் வேறொரு சிக்கல் வரும்: மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல், டிஸ்க்கின் இடங்களை 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் வரைதான் எண்ணும், அதாவது 504 எம்பியோடு நின்றுவிடும். அதைத் தாண்ட எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற இலவச நிரலை 27சி64 ஈப்ராமில் (நிரலைப் பதிந்து வைக்கும் சிப்) எரித்து, பழைய ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டில் காலியாக இருக்கும் பூட் ரோம் சாக்கெட்டில் செருகிவிடலாம். காயலான் கடையில் யாரும் சீந்தாத நெட்வொர்க் கார்டு இதற்காகவே பிறந்ததுபோல் பொருந்தும்.

பழைய டிவி போன்ற குழாய் வைத்த சிஆர்டி மானிட்டர் கனவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். விலையும் இடமும் ஒருபுறம். உள்ளே பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும், பழக்கமில்லாத கை உள்ளே போகக் கூடாது. 15 இன்ச் சதுர எல்சிடி, அதாவது 1024-க்கு 768 உள்ளது, பழைய அலுவலகச் சாமான் விற்பவர்களிடம் இன்றும் குப்பை விலைக்குக் கிடைக்கும். 17 இன்ச் எல்சிடி 1280-க்கு 1024 என்பதால் விகிதம் கொஞ்சம் மாறும். விளையாட்டில் வட்டம் முட்டையாகத் தெரியும்.

வாங்கப் போகும்போது டார்ச்சும் போனும் போதும். போர்டைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பேட்டரிப் பக்கம் பச்சை, நீல உப்பு பூத்திருக்கிறதா? அந்த உப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்குள் வரை போயிருந்தால் விட்டுவிடுங்கள். சாக்கெட்டில் பயாஸ் சிப் இருக்கிறதா? உடைப்பவர்கள் முதலில் பிடுங்குவது சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளைத்தான். பயாஸ் போயிருந்தால் வேறொன்று எரித்துப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பிய கீறல் பிராசசர் சாக்கெட்டின் ஓரத்தில் இருந்தால், அடியில் எத்தனை தடங்கள் அறுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கெபாசிட்டரின் தலை உப்பியிருப்பது பெரும்பாலும் 1999-க்குப் பிந்தைய பென்டியம் 3, பென்டியம் 4 போர்டுகளின் நோய். மாற்றிவிடலாம், பயப்பட வேண்டாம். எப்போதும் காபினெட்டோடு கேளுங்கள். காபினெட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கார்டுகள், கேபிள் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் போர்டைவிட அதிகம் ஆகும்.

ஈரோட்டிலேயே எங்கே தேடுவது? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டரான இடங்கள், தறி, சாயப்பட்டறைக் கணக்கு அலுவலகங்கள், பழைய அச்சகங்கள், லேத் பட்டறைகள். கோவைப் பக்கம் டாஸில் ஓடும் சிஎன்சி மெஷின்களுக்காகவே ஐஎஸ்ஏ போர்டுகளை ஸ்பேராக வைத்திருப்பவர்கள் உண்டு; அவர்களிடமிருந்து வாங்க முயலாதீர்கள், அவர்களுக்கு அது சோறு போடும் பொருள். அரசு அலுவலகம், வங்கி, பெரிய கம்பெனிகளின் சாமான் எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனம் நடத்துவது போன்ற மின்னேலத்தில் மொத்தமாகப் போகும். 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும், ஆகவே அங்கே போய்க் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பட்டியலில் இல்லாத, ஆனால் நம்மிடம் மட்டுமே இருந்த சாமான்கள் சில உண்டு. டாஸ் திரையில் தமிழ் உட்பட இந்திய எழுத்துகளைக் காட்டிய மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு. எச்சிஎல் பிஸிபீ கம்ப்யூட்டர். சென்னை ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸின் சிவா பிசி. இவற்றுக்கு இன்னும் யாரும் டாலரில் விலை வைக்கவில்லை. நீங்கள் ஆசிரியர், பழைய பள்ளிகளின் ஸ்டோர் ரூம் உங்களுக்குத் திறக்கும். அங்கே 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன பிரிட்டிஷ் கம்ப்யூட்டரான பிபிசி மைக்ரோ கிடைத்தால் மட்டும் உடனே சொருகாதீர்கள்: அதன் பவர் சப்ளையில் மெயின்ஸ் வடிகட்டியாக இருக்கும் ஒளி ஊடுருவும் பொன்னிற உறை போட்ட காகிதக் கெபாசிட்டர் வெடிப்பு விட்டு ஈரம் குடித்திருக்கும். கரண்ட் கொடுத்த சில நிமிஷத்தில் அறை முழுக்கப் புகை. அதே மதிப்பில் எக்ஸ்2 வகை பாலிப்ராப்பிலீன் கெபாசிட்டர் மாற்றிய பிறகே கரண்ட்.

உங்கள் பத்தாயிரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். மல்டிமீட்டர், சூடு குறைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் சேர்த்து 2,500. காபினெட்டோடு சாக்கெட் 7 மெஷின் 3,000, அதற்கு மேல் போகாதீர்கள். சவுண்ட் கார்டு 1,000. ஃப்ளாஷ் கார்டும் அடாப்டரும் 1,000. எல்சிடி 1,000. போஸ்ட் கார்டு 300. அஞ்சல் அட்டை இல்லை, ஸ்லாட்டில் செருகினால் போர்டு எந்தக் கட்டத்தில் நின்றது என்று இரண்டு இலக்க எண் காட்டும் சோதனை அட்டை. மீதியைத் தொடாதீர்கள், முதல் போர்டு ஓடாமல் போனால் இரண்டாவதுக்கு அது வேண்டும். கருவிகளுக்குக் கால்வாசி என்பது அதிகமாகத் தோன்றும். ஓடும் போர்டுக்கும் ஓடாத போர்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சம்பாதித்துத் தருவது அந்தக் கருவிதான். இந்தப் பணமும் இப்போது இல்லை என்றால், யாரோ தூக்கிப்போடும் கோர் 2 டியோ அலுவலக மெஷினில் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸை ஏற்றி, எஸ்பிஈஎம்யூ என்ற நிரலைப் போடுங்கள். போர்டிலேயே உள்ள சவுண்டை டாஸ் விளையாட்டுகளுக்குச் சவுண்ட் பிளாஸ்டர் போலக் காட்டிவிடும். செலவு பூஜ்யம்.

வாங்கி வைத்தால் விலை ஏறுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

இனி அப்பாவின் 386. பேட்டரியை வெட்டியாயிற்று. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரைப் பழைய பல் தேய்க்கும் பிரஷில் தொட்டு உப்பு பூத்த இடத்தில் தேயுங்கள். கசிந்தது காரம், வினிகர் அமிலம். பொங்கும், பொங்குவது நின்றால் முறிந்துவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிஷம் விட்டு டிஸ்டில்டு வாட்டரால் நன்றாகக் கழுவி, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். வினிகரைக் கழுவாமல் விட்டால் அதுவே அடுத்த அரிப்பு. பிறகு பச்சைப் பூச்சுக்கு அடியில் கறுத்துத் தெரியும் தடங்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரின் பீப் ஒலியில் சோதியுங்கள். அறுந்ததை மெல்லிய வயரால் இணையுங்கள். அதிகம் அறுபடுவது கீபோர்டு கன்ட்ரோலர் சிப்புக்குப் போகும் தடங்கள்.

புது பேட்டரிக்கு மூன்று ஏஏ செல் போடும் ஹோல்டர் வாங்கி, நீள வயரில் காபினெட்டின் ஓரத்தில் ஒட்டுங்கள், போர்டின் மேல் வேண்டாம், அதுவும் ஒரு நாள் கசியும். பழைய பேட்டரியின் பாசிட்டிவ் இடத்துக்குப் போகும் வயரில் ஒரே திசையில் மட்டும் மின்சாரம் விடும் 1என்4148 டயோடு ஒன்று, கோடு போட்ட முனை போர்டுப் பக்கம். பழைய பேட்டரி சார்ஜ் ஆகும் வகை என்பதால் போர்டு அதற்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். டயோடு இல்லாவிட்டால் அது சாதாரண செல்லுக்குள் போய் வெடிக்கவைக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் போர்டிலிருந்து கழற்றித் தனியாகச் சோதியுங்கள். பின்னால் 115/230 சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் வரும் வயரில் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள், டிவி மெக்கானிக்குகள் வைக்கும் அதே சீரிஸ் பல்பு. பழைய எஸ்எம்பிஎஸ் சுமை இல்லாமல் ஓடாது. 5 வோல்ட் சிவப்பு வயருக்கும் கறுப்புக்கும் நடுவில் 4.7 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. கரண்ட் கொடுத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அணைத்துவிடுங்கள். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து அளவு பாருங்கள்: 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் காபினெட்டில் முன்பக்க பவர் சுவிட்சுக்கு வருவது நேர் 230 வோல்ட் என்பதை மறந்துவிடாதீர்கள், இன்றைய மெஷின்போல் இல்லை. போர்டில் சொருகும் இரண்டு கனெக்டர்களில் நான்கு கறுப்பு வயரும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும்.

ஆனால் போர்டை விட முக்கியம் அந்த ஹார்டு டிஸ்க். அச்சகத்து மெஷின் என்கிறீர்கள், அப்பா கம்போஸ் செய்த பக்கங்கள் அதில் இருக்கலாம். யூஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்த்து ‘செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள். 500 எம்பிக்குக் குறைந்த பழைய டிரைவுகளில் பல, செக்டார்களை வரிசை எண்ணால் அழைக்கும் எல்பிஏ முகவரி தெரியாதவை, யூஎஸ்பி அடாப்டர்கள் அதைத்தான் எதிர்பார்க்கும். ஐடிஇ போர்ட் உள்ள பென்டியம் 4 மெஷினில், இரண்டாவது சேனலில், தனியாக, மாஸ்டராக மாட்டி, லினக்ஸ் சிடியில் பூட் செய்து கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்தும் நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலைக் கொண்டு முழு டிரைவையும் ஒரே கோப்பாக நகல் எடுங்கள். டிரைவுக்குப் பல தடவை கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம், எழுந்த முதல் தடவையே நகல் எடுத்துவிடுங்கள். டிரைவிலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு தட்டைக் கேபிள் வந்தால் அது ஐடிஇ இல்லை, எம்எஃப்எம் வகை; அதை அதன் கன்ட்ரோலர் கார்டிலிருந்து பிரிக்கவே கூடாது, அந்த 386-இலேயே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பிரிண்டர் போர்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டை செருகியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பல இந்திய டிடிபி மென்பொருள்கள் அந்தப் பூட்டு இல்லாமல் திறக்காது. நகலிலிருந்து கோப்புகளை எடுக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில், ஏன், 1999-இல் வந்த டாம், டாப் என்ற எழுத்துருக் குறியீட்டுத் தரங்களுக்கும் முந்தையதில், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அப்பா அடித்த கல்யாணப் பத்திரிகை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

அந்த நகல் கோப்பை பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கிக் காட்டும் 86பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், போர்டு சரியாகும் முன்பே அச்சகத்து 386 உங்கள் லேப்டாப்பில் பூட் ஆகும். சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை டிரைவின் லேபிளிலிருந்து எடுத்துப் போடுங்கள். பூட் ஆகாவிட்டால் அந்தக் காலத்து மெக்கானிக் பயாஸில் வேறு எண் கொடுத்து ஃபார்மட் செய்திருப்பார்: பார்ட்டிஷனின் முதல் செக்டாரை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் ஹெக்ஸ் கணக்கில் 18 என்ற இடத்தில் செக்டார் எண்ணிக்கையும், 1ஏ என்ற இடத்தில் ஹெட் எண்ணிக்கையும் இருக்கும். அந்த இரண்டையும் ஹெக்ஸிலிருந்து சாதாரண எண்ணாக மாற்றிக் கொடுங்கள்.